என் கடைவாய்ப் பல்லும் அக்காவின் மரமும்

பல் வலியில் செத்தவர் எவரும் இல்லை என்று என் மனைவி சொன்னாள். எதற்கும் முதல் ஆள் என்று ஒருவர் வேண்டுமல்லவா என்றேன். காலை ஒன்பது மணி. தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவன், கன்னத்தில் கிராம்பு எண்ணெய்த் துணியை அழுத்திக்கொண்டு, வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தேன். வடக்கே தலைவைத்தால் சாவு சீக்கிரம் வரும் என்பார்கள். எப்படியும் வரப்போகிறது, அதை ஏன் காத்திருக்க வைக்க வேண்டும் என்று எண்ணம்.

"எழுந்து ஒழுங்கா படுங்க. பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க."

"இன்சூரன்ஸ் பேப்பர் எங்க கீதுன்னு பாத்து வெச்சுக்கோ."

"அதெல்லாம் பாத்தாச்சு. மொதல்ல போய் வாயக் காட்டுங்க."

அவள் அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் பல் கதையை எங்கள் மலையில் நான் சொல்லாத வீடு இல்லை. தபால் கொண்டுபோகிறவனுக்கு மோரோ தண்ணீரோ கொடுத்து உட்காரவைப்பார்கள். பதிலுக்கு நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும். சம்பளத்தில் சேராத வேலை அது. பென்ஷன் வராத மாதத்தில்கூட என் தலையைக் கண்டால் கிழவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். பல் கதைக்கு ஜவ்வாது மலையில் நல்ல பெயர். ஆனால் எல்லா இடத்திலும் பல்லுக்குக் கேப் போட்டதோடு நிறுத்திவிடுவேன். அது பாதிக் கதை. மிச்சப் பாதி என் அக்காவுடையது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் போனபின் பிறந்த ஊருக்கே வந்து, என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறாள். பிள்ளை இல்லை. அறுபது வயது முடிவதற்குள் அவள் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. ஈறு வீங்கும், பல் ஆடும், அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவாள். கடைசி இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வந்தாள். பிடுங்குவது இலவசம். கட்டுவதற்குத்தான் காசு. இலவசமாகக் கட்டும் இடமும் இருக்கிறது, ஆனால் அது தூரம், நாலைந்து நடை போக வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கூட வரவேண்டிய ஆள் நான். எனக்கு லீவு இல்லை. அப்படிச் சொன்னேன், அவளும் சரி என்றாள்.

அவளுக்குப் பல் எதற்கு என்று கேட்டால், அவள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் பூசையில் வெட்டும் ஆட்டை எங்களிடம் தலைக்கட்டுக்கு ஒரு கூறாகப் பிரிப்பார்கள். வீட்டில் பத்துப் பேரா இரண்டு பேரா என்று பார்ப்பதில்லை. அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கூறு. அக்கா ஒற்றை ஆளானாலும் ஒரு முழுத் தலைக்கட்டு. பேரைக் கூப்பிட்டுக் கூறை இலையில் வைக்கும்போது அவள் நிமிர்ந்து நின்று வாங்குவாள். பல் போனபின் அதை வேகவைத்துச் சாற்றை மட்டும் தனக்கு ஊற்றிக்கொண்டு, கறியை அப்படியே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். நாங்களும் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது.

ஒரு முறை என் மனைவி, "அண்ணி, நல்லாத்தான் வெந்துகீது, நீங்களும் துன்னுங்க" என்றாள்.

"வெந்தா ஆச்சா? கடிச்சாதான கறி" என்றாள் அக்கா. "செட்டு ஒண்ணு கட்டிக்கறேன். அப்பறம் உங்க வூட்டுக்கு எலும்புகூட வராது, சொல்லிட்டேன்."

காசுக்கு அவளிடம் இருந்தது ஒரு புளியமரம். எங்கள் பக்கத்தில் நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்குமாக இருப்பது சாதாரணம். அவளைக் கட்டிக்கொடுத்தபோது நைனா நிலத்தை எனக்கு வைத்துவிட்டு, மேட்டில் நின்ற பெரிய மரத்தை அவளுக்குக் கொடுத்தார். பத்திரம் ஏதும் கிடையாது, நாலு பேர் முன்னால் சொன்ன சொல்தான். மரத்தின் நிழல் என் சாமைக் கொல்லையில் விழும். பழம் அவளுடையது.

அந்த வருஷம் ஆனியில் மரம் பூத்திருந்தபோது கண்ணமங்கலத்து வியாபாரி ஒருவர் வந்தார். பழுத்தபின் விற்றால் நல்ல விலை வரும், ஆனால் மாசி வரை காத்திருக்க வேண்டும். பூவிலேயே குத்தகைக்கு விட்டால் காசு குறையும், ஆனால் உடனே கைக்கு வரும். ஒரு வருஷக் காய்ப்பு ஒரு செட்டுக்குப் போதாது என்பதால் அக்கா மூன்று காய்ப்பைச் சேர்த்துப் பூவில் விட்டாள். அப்படி விட்ட மரத்தில் சொந்தக்காரருக்குக் கை கிடையாது. தானாக உதிர்ந்து கிடக்கும் பழத்தைக்கூடக் குனிந்து எடுக்கக் கூடாது.

"மூணு வருஷம் கொழம்புக்குப் புளிக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"உன் வூட்ல வாங்கிக்கறேன். குடுக்கலன்னா கடிப்பேன். அதான் பல்லு வருதே."

ஆடியில் ஒரு திங்கட்கிழமை அவளை ஒடுகத்தூருக்கு, அங்கிருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் மேல்வரிசைக் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. நான் வடக்கே தலைவைத்துப் படுத்தது அப்போது. சரி, ஒரே நடையாகப் போய்விடலாம், அக்காவுக்கு அளவு எடுக்கட்டும், நானும் காட்டிவிட்டு வருகிறேன் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை ஜீப்பில் அக்கா பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். காசைப் பிஸ்கட் உறையில் சுற்றி, துணிப்பையில் டாக்டருக்கென்று கொண்டுவந்த சாமை அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள். முன்னால் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். ஜீப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, "இன்னா தபாலு, பல்லா?" என்றார்.

"பல்லுதாங்க."

"மேலயா கீழயா?"

"மேல."

அவர் முகம் மாறியது. "மேல் பல்லு புடுங்கிடாதீங்க. அந்த நரம்பு நேரா கண்ணுக்குப் போவுது. எங்க மச்சான் ஒருத்தரு புடுங்கினாரு. ஆறே மாசம். இப்போ கோலு புடிச்சுக்கினுதான் நடக்கறாரு."

மச்சானுக்கு வயது எண்பதுக்கு மேல் இருக்கும், அவருக்குக் கண்புரை என்பதும் ஊருக்கே தெரியும். அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். ஆனாலும் மலை இறங்கி முடிவதற்குள் நான் குருடாகிவிட்டேன். விலாசம் படிக்க முடியாத தபால்காரன். மணியார்டரைத் தடவிப் பார்த்துக் கொடுப்பவன். கூடவே மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், வழியெல்லாம் திட்டிக்கொண்டே. ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தேன், பழகிக்கொள்ளலாம் என்று. ஓர் ஆட்டோக்காரர் என் குலத்தையே திட்டினார்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அக்கா, "நீ போடா மொதல்ல, உன் மொனகல் தாங்கல" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சார், பல் நிறையப் போயிடுச்சு. எடுத்துடலாம். பத்து நிமிஷம்தான். மத்த பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இது ஒண்ணு இல்லாம நீங்க தாராளமா சாப்பிடலாம்."

"இது மேல் பல்லாச்சே."

"ஆமா."

"கண்ணு?"

"கண்ணுக்கு என்ன சார்?"

நான் நரம்பு, மச்சான், கோல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார், அது அவருடைய நல்ல குணம். ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓட்டை எடுத்து வைத்து, பல்லின் நரம்பு வேறு, கண்ணின் நரம்பு வேறு என்று காட்டினார். எனக்கு அந்த மண்டை ஓட்டில் தெரிந்ததெல்லாம் கண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த இரண்டு ஓட்டைகள். அதற்குள் உதவிக்கு இருந்த பெண் ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள். நான் தலைக்கு மேலிருந்த விளக்கின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். விளக்கு என்னோடு சேர்ந்து ஆடியது. அறை முழுக்க வெளிச்சம் அலைந்தது. "விடுங்க சார், விடுங்க, அது கழண்டுடும்!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்தில் தண்ணீர்.

"வேற வழியே இல்லையா?" என்று தண்ணீர் வழிய வழியக் கேட்டேன்.

"இருக்கு. ரூட் கேனல் பண்ணி மேல கேப் போட்டுக் காப்பாத்திப் பாக்கலாம். ஆனா செலவாகும் சார். எடுக்கறதவிடப் பல மடங்கு. இந்தப் பல்லுக்கு அவ்வளவு செலவு தேவையான்னு நீங்க யோசிச்சுக்கோங்க. எதுன்னாலும் அப்படியே மட்டும் விடாதீங்க, சீழ் இருக்கு."

வெளியே வந்தேன். இதுவரை சிரிக்கலாம். நானும் இதுவரை சொல்லித்தான் சிரிக்கவைப்பேன்.

அக்கா எழுந்து நின்றாள். என் நனைந்த சட்டையைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள்.

"இன்னாடா சொன்னாங்க?"

"உடனே வைத்தியம் பண்ணணுமாம் அக்கா. சீழு வெச்சுக்கீதாம். விட்டா மூளைக்கு ஏறிடுமாம்."

மூளையை டாக்டர் சொல்லவில்லை. அதை நான் சேர்த்தேன்.

"புடுங்கிட்டா?"

"புடுங்கக் கூடாதாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அப்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. செலவு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். பையை மடியில் வைத்து, சாமைக்குள் கையை விட்டுப் பிஸ்கட் உறையை எடுத்து என் கையில் வைத்தாள். உறையில் ஒட்டியிருந்த நாலு மணி சாமையைத் தட்டி மறுபடி பையில் போட்டாள்.

"உனுக்கு அக்கா?"

"எனுக்கு இன்னா அவசரம். களி துன்றவளுக்குப் பல்லு எதுக்கு, முழுங்கற சமாச்சாரம்தான. நீ மொதல்ல உயிரோட வூடு வந்து சேரு."

"ரெண்டே மாசத்துல குடுத்துடறேன்."

"குடுப்ப, குடுப்ப."

அன்றைக்கு அவள் உள்ளே போகவே இல்லை. கொண்டுவந்த சாமையை மட்டும் வெளியே சீட்டு எழுதும் பெண்ணிடம், "டாக்டரம்மாகிட்ட குடும்மா, தம்பிய நல்லாப் பாக்கச் சொல்லு" என்று கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று நடையில் வேலை முடிந்தது. கேப் மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தது. வாயைத் திறந்தால் புதிதாக வந்த ஆபீசர் மாதிரி தனியாகத் தெரிந்தது. நான் ஊர் ஊராகக் கதையைச் சொன்னேன். விளக்கைப் பிடித்து ஆடியதை எழுந்து நின்று நடித்துக்காட்டுவேன். அக்கா பக்கத்தில் இருந்தால் அவள்தான் அதிகம் சிரிப்பாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

இரண்டு மாதம் போயிற்று. மகளுக்கு வேலூரில் காலேஜ் பீஸ் வந்தது. மகனுக்கு ஹாஸ்டல். அடுத்த மாதம் அக்கா என்றேன். அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வேன்: "கவர்மெண்டு எனக்குக் குடுத்தா நான் உனக்குக் குடுப்பேன், அது எனக்குக் குடுக்காது, நான் உனக்குக் குடுக்கமாட்டேன், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு." அவள் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டால் மறுபடி கேட்க முடியாது. என் கேலிக்கு அந்த ஒரு பலன் உண்டு என்பதை நான் சின்ன வயதிலேயே தெரிந்துவைத்திருந்தேன். உறையில் மிஞ்சியிருந்த காசு, காற்றில் பறந்துபோன அவள் வீட்டுக் கூரைத் தகட்டுக்குப் போனது.

மாசியில் வியாபாரியின் ஆட்கள் வந்து மரத்தை உலுக்கி மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னும் பின்னும், காற்றடித்த மறுநாள் காலையில் மேடு முழுக்கப் பழம் கிடக்கும். அக்கா என் கொல்லை வழியாக விறகுக்குப் போகும்போது ஒவ்வொரு பழத்தையும் தாண்டித் தாண்டிக் கால் வைப்பாள். மிதித்து உடைந்தால் அதுவும் வியாபாரிக்கு நஷ்டம் அல்லவா. அவள் மரத்தடியில் அவள் அப்படி நடப்பதை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மாலையில் கிண்ணத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள், ஒரு உருண்டை புளி கேட்டு.

எல்லாரையும் தபால் ஆபீஸில் மாதச் சேமிப்பு, ஆர்.டி., கட்டச் சொல்லி நச்சரிப்பது என் உத்தியோகத்தில் சேர்ந்தது. அந்த முதல் வருஷம் ஐப்பசியிலேயே ஒருநாள் என்னையே நச்சரித்து, என் பேரில் ஒன்று தொடங்கினேன், அக்காவின் செட்டுக்கென்று. மாதாமாதம் என்னால் முடிந்தது கொஞ்சம்தான். மூன்று வருஷம் கட்டினால்தான் இடையில் முடிக்க விடுவார்கள். அவளிடம் சொல்லவில்லை. பணத்தைக் கவரில் போட்டு, அவள் பெயர் எழுதி, தபால் மாதிரி கொண்டுபோய்க் கொடுத்து வம்பு பண்ண வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மூன்று வருஷமும் அந்தக் காட்சியை மனதில் போட்டுப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். இடையில் கடன் வாங்கியாவது கட்டியிருக்கலாம். என் மகன் பைக் கேட்டபோது கடன் வாங்கத்தான் செய்தேன்.

போன வருஷம் கார்த்திகையில் அந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா, ரிஜிஸ்டர் தபால், கையெழுத்துப் போடுங்க" என்றேன். அவள் பிரித்துப் பார்த்து, "இன்னாடா இது" என்றாள். "பல்லு" என்றேன். அவள் அழுதாள். நான் நினைத்துவைத்திருந்த காட்சியில் அவள் அழுவது இல்லை.

மறுநாளே ஒடுகத்தூருக்குக் கிளம்பினோம். அதே டாக்டர், இப்போது கண்ணாடி போட்டிருந்தார். இந்த முறை அக்காதான் நாற்காலியில். விளக்கைத் தாழ்த்தி, விரலை உள்ளே விட்டுத் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழ்ப்பக்கம் நிறைய நேரம் தடவினார்.

"பல் எடுத்து எவ்வளவு நாள் ஆச்சும்மா?"

"நாலு வருஷம் ஆவுது."

"பல் இல்லாம சும்மா இருந்தா எலும்பு தேஞ்சுக்கிட்டே வரும்மா. செட் உட்காரணும்னா கீழ ஒரு மேடு வேணும். உங்களுக்குக் கீழ அது தட்டையாயிடுச்சு. மேல் செட் பரவாயில்ல, நிக்கும். கீழ் செட் ஆடும். எலும்புல ஸ்க்ரூ வெச்சு மாட்டலாம், ஆனா அதுக்கு வேலூர் போகணும்."

அதற்கு ஆகும் தொகையையும் சொன்னார். அக்காவின் மரத்தையும் என் மரங்களையும் வேரோடு விற்றாலும் அது வராது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி தேயாது. உங்களுக்குக் கொஞ்சம் வேகமாப் போயிருக்கு. எடுத்த அந்த வருஷமே வந்திருக்கலாமேம்மா."

"வந்தேனேம்மா" என்றாள் அக்கா. "வெளிய பெஞ்சுல குந்திக்கினு இருந்தேன்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"சார்! விளக்கு சார்தானே நீங்க? அன்னைக்கு சாமை அரிசி குடுத்தது நீங்கதானாம்மா? அய்யோ, இவர மறக்க முடியுமா. புடுங்கிடலாம், பத்து நிமிஷம்தான்னு எவ்வளவோ சொன்னேம்மா. கண்ணு போயிடும்னு ஒரே அடம். ஒரு பல்லுக்கு அவ்ளோ செலவு வேணாம்னு சொன்னாலும் கேக்கல."

அந்தப் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஊரெல்லாம் நான் சொல்லும் வேடிக்கையைத்தான் அவரும் சொன்னார். அக்கா சிரிப்பாள் என்று காத்திருந்தேன். வாய்க்குள் அளவு மாவை வைக்க, அவள் மேலே பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

வெளியே வந்து பஸ் நிலையம் வரை நடந்தோம். டீக்கடை ஓரத்தில் ஜீப்புக்காக நின்றபோதுதான் கேட்டாள்.

"புடுங்கலாம்னாங்களா?"

"ம்."

"நீ புடுங்கக் கூடாதாம்னு சொன்ன."

"பயம் அக்கா. கண்ணு போய்டும்னாங்க."

"புடுங்கறதுக்கு எவ்ளோ கேட்டாங்க?"

"நாம ரெண்டு பேரும் ஜீப்புல வந்துட்டுப் போற காசுதான்."

வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒரு வண்டி போயிற்று. அது போனபின் என் பக்கம் திரும்பினாள்.

"எனுக்கு மேலயும் கீழயும் அத்தனயும் புடுங்கினாங்களேடா. நான் உன்னப் பாத்துக்கினுதான கீறேன்."

நாலு வருஷமாகப் பல் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு என் கண் முன்னாலேயே அவள் இருந்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பயம் வந்தால் எனக்கு என்னைத் தவிர யாரும் தெரிவதில்லை. கண் அன்றைக்கே போய்விட்டது என்று ஒரு கேலி இப்போது எழுதும்போது வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

இரண்டு வாரத்தில் செட் வந்தது. மேலது நன்றாகவே பொருந்தியது. கீழது, அவள் வாயைத் திறந்தால் எழும்பும், மூடினால் நகரும். டாக்டர் இரண்டு முறை ராவிக் கொடுத்தார், ஒரு பசையும் கொடுத்தார். பசை போட்டால் அரை மணி நேரம் நிற்கும், அதற்குள் ஈறு புண்ணாகிவிடும். பூசை வந்தது. அக்கா தன் கூறை வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் அவளே தூக்குச்சட்டியோடு வந்தாள். மனைவி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கறித்துண்டுகள் முழுசாக இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஓரத்தில் நசுங்கி இருந்தது. இப்போது வெளியே போகும்போது மேல் செட்டை மட்டும் மாட்டிக்கொள்கிறாள். கீழ் செட் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் மாடத்தில் இருக்கிறது. என்னோடு பேசுகிறாள். புளி கேட்க வருவதில்லை, உப்பு கேட்கவும் வருவதில்லை.

இந்த மாசியில் மரம் மறுபடி அவளுடையதாயிற்று. மூன்று வருஷத்துக்குப் பின் அவள் ஆள் வைத்து உலுக்கினாள். மேட்டில் பாயை விரித்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஓட்டைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நடுவில் இருந்தாள். பென்ஷன் பேப்பரில் ஒருத்தியிடம் கைநாட்டு வாங்கப் போனவன் நானும் நின்றேன்.

அவர்களில் வாயாடியான ஒருத்தி, "ஏன்க்கா, செட்டு கட்டியும் கீழ பொக்கவாயாவே கீறியே, இன்னாத்துக்கு?" என்றாள்.

"எலும்பு தேஞ்சுபோச்சாம். லேட்டா போயிட்டேன்" என்றாள் அக்கா.

"லேட்டா ஏன் போன? அப்பவே மரத்த பூவுல வுட்டு காசு வாங்கினியே?"

நான் கையிலிருந்த பேப்பரை மடித்தேன். அக்கா ஒரு பழத்தைத் தட்டினாள், ஓட்டை ஊதினாள்.

"பயம்டீ. அந்த ஊசிக்குத்தான். மூணு வருஷம் போவாம இருந்துட்டேன்."

"அட இன்னாக்கா நீயி! கரடி வந்தப்போ கொம்ப எடுத்துக்கினு எதுர்ல நின்னவ, ஒரு ஊசிக்கா!"

"தம்பி மாதிரிதான அக்காவும் இருக்கும்!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள், அடுத்ததை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று. அக்கா என்னைப் பார்க்கவில்லை. இல்லை, பயந்தது நான்தான் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன்.

"பயமா? கொஞ்சநஞ்ச பயமா! எங்கக்கா ஆஸ்பத்திரிய வுட்டு ஓடின ஓட்டத்துல, டாக்டரம்மாதான் பயந்துபோயி அந்த நாக்காலில ஏறிப் படுத்துக்கிச்சு!"

மேடு அதிரச் சிரித்தார்கள். வாயாடி பாயில் சாய்ந்தே விட்டாள். அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாமா, ஓடினேன்" என்றாள்.

சிரிப்பு அடங்கப் பார்த்தது. அடங்கும்முன் அவசரமாக இன்னொன்று சொன்னேன்.